ஆவுடையம்மாள் வரைந்த கடிகாரம்

உப்போடை ஊரில் கடிகாரத்தின் பன்னிரண்டு எண்களும் வலதுபக்கமாக ஒதுங்கிப்போன அந்த வருஷத்துப் பங்குனி மாசத்தில், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த ஆவுடையம்மாள் ஒரு ரவிக்கைக்கு வலது கையை மட்டும் தைத்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தனுப்பினாள். வாங்கிப்போனவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பாக்கியத்தாய். போன வேகத்தில் திரும்பி வந்து கடை வாசலில் நின்று ரவிக்கையை விரித்துக் காட்டினாள்.

"எக்கா, இடது கை எங்க?"

"ரெண்டு கையும் வச்சுத்தானே குடுத்தேன். கண்ணைத் தொறந்து பாரு."

பாக்கியத்தாய் கண்ணைத் திறந்துதான் பார்த்தாள். ரவிக்கையைப் பார்த்துவிட்டு ஆவுடையம்மாளின் முகத்தையும் பார்த்தாள். வாயின் இடது ஓரம் கோணிக் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தையல் மிஷின் மேல் சரிய, பாக்கியத்தாய் போட்ட கூச்சலில், பால் சொசைட்டியில் அளந்துகொண்டிருந்த ஆவுடையம்மாளின் புருஷன் சொர்ணலிங்கம் அளவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அரை மணி நேரத்தில் தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மூளையின் வலதுபக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்கு மோசமில்லை என்றார் பெரிய டாக்டர்.

உயிருக்கு மோசமில்லைதான். இடது கையும் காலும் கொஞ்சம் வலுவிழந்திருந்தாலும் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள், பேசினாள், பக்கத்துக் கட்டில்காரிக்கு எந்தக் கடையில் துணி சாயம் போகாது என்று சொல்லிக்கொடுத்தாள். ஆனால் தட்டில் நாலு இட்லி வைத்தால் வலதுபக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, "இந்த ஆஸ்பத்திரியில ரெண்டு இட்லிக்கு மேல வைக்க மாட்டாவளா?" என்று கோபித்துக்கொண்டாள். சீப்பைக் கொடுத்தால் வலதுபக்கத் தலையை மட்டும் நெய்போல வாரி, இடதுபக்கத்தைக் குருவிக்கூடாக விட்டுவைத்தாள். யாராவது எடுத்துச் சொன்னால் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். உலகத்தில் ஒரு பாதி குறைந்துபோனதே அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த உலகம் முழுசாகத்தான் இருந்தது.

அந்த முழு உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே துக்கம், புருஷன் வந்து பார்க்கவில்லை என்பது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், குழந்தை இல்லை, ஒருவருக்கு ஒருவர்தான். அப்படிப்பட்ட மனுஷன், கட்டிய பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் குரல் சிலசமயம் காதில் விழும். வராந்தாவில் யாரிடமோ பேசிவிட்டு உள்ளே வராமலே போகிறார் என்று நினைத்துக்கொள்வாள். சொர்ணலிங்கமோ, கட்டிலுக்கு இடதுபக்கம் கிடந்த ஸ்டூலில், ஒன்பது நாளும் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் சொல்வது அத்தனையும் அவர் காதில் விழுந்தது. என்ன பாவம் செய்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பிடித்த கையை விடாமல் இருந்தார்.

சொந்தக்காரர்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஞாபகமும் போய்விட்டது, கட்டிய புருஷனையே தெரியவில்லை; மிஷினை விற்றுவிட்டு, மதுரைப் பக்கம் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஏதாவது இருந்தால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். செவ்வாய்க்கிழமை தோறும் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து மூளை எப்படி வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்ப்பார், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார் சொர்ணலிங்கம்.

அந்த டாக்டரம்மா பெயர் ரெஹானா. மருந்து தரமாட்டார், ஊசி போடமாட்டார். தாளையும் பென்சிலையும் கொடுத்துப் படம் போடச் சொல்வார் என்பதால் ஊரில் அவருக்குப் 'படம் போடச் சொல்ற டாக்டர்' என்று பெயர். ஆவுடையம்மாளை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, "அம்மா, இது பரீட்சை இல்ல. பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. உங்க மூளையில எந்த அறையில விளக்கு எரியுது, எந்த அறையில எரியலைன்னு நாம ரெண்டு பேருமா சுத்திப் பாக்கப் போறோம், அவ்வளவுதான்" என்றார்.

முதலில் பத்து வார்த்தைகளை நிதானமாகச் சொன்னார்: கிணறு, சீப்பு, மழை, ரயில், சாவி, கோழி, நூல், தோணி, மிளகாய், பாலம். ஆவுடையம்மாள் திருப்பிச் சொன்னாள். மூன்று தடவை அப்படிச் சொல்லவைத்துவிட்டு, இதை மறந்துவிடாதீர்கள், பிறகு கேட்பேன் என்றார். எண்களைச் சொல்லி, அதே எண்களைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னார். ஒரு சின்னக் கதையைச் சொல்லித் திரும்பச் சொல்லக் கேட்டார். தாள் முழுக்கக் கோடுகள் சிதறிக் கிடந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து எல்லாக் கோட்டையும் அடிக்கச் சொன்னார். ஆவுடையம்மாள் வலதுபாதியிலிருந்த கோடுகளை ஒன்று விடாமல் அடித்துவிட்டு, "முடிஞ்சது" என்று பென்சிலை வைத்தாள். பூவைப் பார்த்து வரையச் சொன்னபோது வலதுபக்கம் மட்டும் இதழ் வைத்தாள். அரை மணி கழித்து, "அந்தப் பத்து வார்த்தை?" என்று கேட்டதும், ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதை அடுக்கினாள். பாலம் மட்டும் வரவில்லை. டாக்டர் அதோடு வேறு ஏழெட்டு வார்த்தைகளைக் கலந்து சொன்னதும், "அதான், பாலம்" என்று பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக, "ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா எண்ணும் போடுங்க" என்றார் ரெஹானா.

ஆவுடையம்மாள் வட்டம் போட்டாள். தையல்காரி போட்ட வட்டம், சட்டையின் கழுத்துப்போலச் சுத்தமாக வந்தது. உச்சியில் பன்னிரண்டு எழுதினாள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று வலதுபக்கமாக இறங்கி, பதினொன்றையும் அடிமட்டத்துக்குள் நெருக்கி எழுதி முடித்தாள். இடதுபாதி துடைத்த தட்டாகக் கிடந்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்த அந்த நொடியில், சுவரில் தொங்கிய ஆஸ்பத்திரிக் கடிகாரத்தின் எண்கள் சர்க்கரையைக் கண்ட எறும்புகளைப்போல வரிசையாக நகர்ந்து வலதுபக்கம் போய்ச் சேர்ந்தன. வாசலில் நின்ற நர்சு அதைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாள். பஸ் நிலையக் கடிகாரத்தில் நகர்ந்தன. மாதாகோயில் கடிகாரத்தில் நகர்ந்தன. கைக்கடிகாரங்களில் நகர்ந்தன. செல்போன்களில் எண்கள் விறுவிறுவென்று ஓடிவிட்டு, அப்புறம் வெறும் வெள்ளையாக நின்றன.

ரெஹானா ஜன்னல் வழியாகப் பஸ் நிலையத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு தாளில் தேதியைக் குறித்துவிட்டு, வெளியே நின்ற சொர்ணலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு ஞாபகம் பத்திரமா இருக்கு. கண்ணும் நல்லாருக்கு. புத்தியும் பேதலிக்கல. இடதுபக்கம்னு ஒண்ணு இருக்குன்னு கவனிக்கிற இடம் மட்டும் அடிபட்டிருக்கு. இதைப் பழக்கித் திருப்பிக் கொண்டுவர முயற்சி பண்ணலாம். நிறைய பேருக்குத் திரும்பியிருக்கு. நீங்க எங்க உக்காருவீங்க?"

"கட்டிலுக்கு இந்தப் பக்கம்மா" என்று அவர் இடதுகையைக் காட்டினார்.

"ஒன்பது நாளாவா?"

"ஆமாம்மா."

ரெஹானா எழுந்து அவர் தோளைப் பிடித்து, மேஜையைச் சுற்றி அழைத்துவந்து, ஆவுடையம்மாளின் வலதுபக்கம் நிறுத்தினார். ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது நாள் சவரம் செய்யாத முகம், பால் வாடை அடிக்கும் சட்டை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?" என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வந்தன. தன்னை மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்த மனுஷனுக்கு, அவள் ஒன்பது நாளும் தேடிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தபோது, நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வெளியே போட்டதுபோல இருந்தது.

ரெஹானா வைத்தியம் சொன்னார். இடது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்ட வேண்டும். படிக்கிற பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அந்தக் கோடு கண்ணில் பட்ட பிறகுதான் வரியைத் தொடங்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சொர்ணலிங்கம் இன்றைக்கு வலதுபக்கம் உட்கார வேண்டும். நாளையிலிருந்து தினமும் நாலு விரற்கடை ஸ்டூலை நகர்த்தி, அவள் திரும்பித் திரும்பிப் பேசும்படி, கொஞ்சங்கொஞ்சமாக இடதுபக்கம் போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது ஊர் புதுக் கடிகாரத்துக்குப் பழக ஆரம்பித்திருந்தது. விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை மணியே கிடையாது. அது கடிகாரத்தின் வெறும் பாதி. உச்சி தாண்டியதும் ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடி, பொழுது சாய்வதற்குள் எல்லா மணியும் தீர்ந்துவிடும், திரும்ப வெறுமை. முதல் வாரம் தடுமாறினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புத்தகத்தைத் திறப்பதற்குள் வகுப்பு முடிந்து மணி அடித்தது. வெளியூர் பஸ்கள் ஓடைப்பாலம் தாண்டியதும் கண்டக்டர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பேரூராட்சி அதிகாரி மேலே எழுதிக் கேட்டதற்கு, நேரம் என்பது எந்தத் துறையின் கீழும் வராது என்று பதில் வந்தது. மணியே இல்லாத காலையில் ராகுகாலமும் எமகண்டமும் எங்கிருந்து வரும் என்று ஜோசியர் ஒருநாள் முழுக்க யோசித்து, வராது என்று தீர்ப்புச் சொன்னதும், நின்றுபோயிருந்த கல்யாணங்களெல்லாம் காலையில் நடந்தன. வெறும் பாதியில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்குப் பிறந்த நேரமே இல்லாததால் ஜாதகம் எழுத முடியவில்லை. பெற்றவர்கள் கவலைப்படவில்லை, எந்தத் தோஷமும் இல்லாத பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாரையும்விடப் பெண்களுக்குத்தான் அந்த வெறும் பாதி பிடித்துப்போனது. காலையில் எட்டு மணி என்று ஒன்று இல்லாததால் எட்டு மணிச் சங்கு இல்லை. சங்கு இல்லாததால் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓட வேண்டியதில்லை. நாலு மணிக்கு எழுந்து மூன்று அடுக்குச் சோறு கட்ட வேண்டியதில்லை. பாக்கியத்தாய் தன் நாற்பது வயதில் முதல்முறையாக, வெயில் சுவரில் இறங்கி வருவதை முழுசாக உட்கார்ந்து பார்த்தாள். பெண்கள் கூடிப் பேசினார்கள், தூங்கினார்கள், பதினோரு வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு ஓரகத்திகள், பேசாமல் இருப்பதற்கு நேரம் குறித்துக்கொள்ள வழியில்லாமல், பேசிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் அத்தனை வேலையும் குவிந்து முதுகை ஒடித்தது உண்மைதான். என்றாலும் ஒரு காலைக்கு ஒரு முதுகு தகும் என்றார்கள்.

ஆவுடையம்மாள் மட்டும் அந்தக் காலையில் வேலை செய்தாள். சிவப்பு நாடாவைத் தேடினாள், சிவப்புக் கோட்டைத் தேடினாள், புருஷனைத் தேடினாள். ஸ்டூல் நாலு விரற்கடை நகர்ந்தால் அவர் முகம் பாதி மறையும். "எங்க போறீக?" என்பாள். "எங்கயும் போகல, திரும்பு" என்பார். கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரை இழுத்துக்கொண்டு வருவாள். சில நாள் அவர் முழுசாகக் காணாமல் போவார். அப்போது அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமுவார், அவள் அந்தச் சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வாள். வைகாசியில் ரெஹானா இரண்டாவது தடவை கடிகாரம் வரையச் சொன்னபோது, ஏழும் எட்டும் அடிமட்டத்தைத் தாண்டி இடதுபக்கம் எட்டிப்பார்த்தன. ஊர்க் கடிகாரங்களிலும் எட்டிப்பார்த்தன. விடிந்த கொஞ்ச நேரத்துக்குள் தீப்பெட்டி ஆபீசில் சங்கு ஊதியது.

அன்றைக்குப் பாக்கியத்தாயும் நாலைந்து பெண்களும் கடைக்கு வந்தார்கள். ஆவுடையம்மாள் பழக்கத்துக்காக ஒரு பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் உட்கார்ந்து, மழை பேசி, வெயில் பேசி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்கள்.

"எக்கா, நீ குணமாக வேண்டாம்னு நாங்க சொல்லல" என்றாள் பாக்கியத்தாய். "கொஞ்சம் மெதுவாக் குணமாகேன். இல்லாட்டி, படம் போடும்போது அந்தக் காலைப் பக்கத்தை மட்டும் விட்டுரு. உனக்கு என்ன நஷ்டம்? எங்க பொழப்புக்கு இதுதான் கெடச்ச ஒரே காலை."

ஆவுடையம்மாளுக்குக் கோபம் வரவில்லை. பதினாறு வயதிலிருந்து நாலு மணிக்கு எழுந்தவள் அவளும். அவர்கள் கேட்பதில் தப்பில்லை என்றே பட்டது. என்ன சொல்வது என்று யோசித்தபடி வலதுகையால் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினாள். ஒரு வாடை வந்தது. துணி கருகும் வாடை இல்லை.

"எக்கா!" என்று பாய்ந்து பாக்கியத்தாய் அவள் இடதுகையை இழுத்தாள். சிவப்பு நாடா கட்டிய அந்தக் கை, இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. சுண்டுவிரல் பக்கமாகத் தோல் வெந்து வழன்றுவிட்டது. ஆவுடையம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், யாருடைய கை என்று கேட்பதுபோல. கொஞ்சம் கழித்துத்தான் வலி வந்தது, வலியோடு பயமும் வந்தது. தன் உடம்பிலேயே தனக்குத் தெரியாத ஓர் ஆள் இருக்கிறான், அவன் வெந்து சாம்பலானாலும் தனக்குத் தெரியாது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

பாக்கியத்தாய் மண்பானைத் தண்ணீரில் அந்தக் கையை முக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"நீ குணமாகுக்கா. சட்டுனு குணமாகு. எங்க காலைக்கு நாங்க வழி பாத்துக்கிடுதோம்."

அதற்குப் பிறகு பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். தெருவில் போகும்போது அவளுக்கு இடதுபக்கமாக நடந்து, "இங்கிட்டு நான் வாறேன், பாரு" என்றார்கள். பண்டம் கொடுத்தால் இடதுபக்கம் வைத்துத் தேடச் சொன்னார்கள். எந்தக் காலையைக் காப்பாற்ற வந்தார்களோ அந்தக் காலையைக் கொடுத்து அவளைப் பழக்கினார்கள். ஆனியில் ஒன்பது வந்தது, ஆடியில் பத்து வந்தது. ஸ்டூல் கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி இடதுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரெஹானா எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து வைத்தார். புது வார்த்தைகள் பத்து, பத்தும் வந்தன. கோடுகள் தாளின் இரண்டு பக்கமும் அடிபட்டன. பூவுக்குச் சுற்றிலும் இதழ் முளைத்தது. கடிகாரத் தாளை வைத்தபோது ஆவுடையம்மாள் பென்சிலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? எட்டு மணியை மட்டும் எழுதாம விட்டுரட்டுமா? அந்தப் பிள்ளைக எனக்கு ரொம்பச் செஞ்சுட்டாவ."

ரெஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியாம விட்டுப்போனா அது நோய்மா. தெரிஞ்சே விட்டா அது உங்க இஷ்டம். இந்தத் தாள் நோயை மட்டும்தான் கேக்குது. இதுல நீங்க பொய் எழுதினா, நாளைக்கு நிஜமாவே ஏதாவது விட்டுப்போனா எனக்குத் தெரியாமப் போயிரும்."

ஆவுடையம்மாள் தன் இடதுகைத் தழும்பைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே பார்த்தாள். பிறகு வட்டம் போட்டு, பன்னிரண்டில் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் அதனதன் இடத்தில் நட்டு, எட்டையும் அதன் இடத்தில் நட்டு, பதினொன்றில் முடித்தாள். வெளியே மாதாகோயில் மணி, ஐந்து மாசமாக மறந்திருந்த நிதானத்தில், பதினோரு தடவை அடித்தது.

"இனி நீங்க ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும். மிஷின்ல உக்காரலாம். தைக்கலாம்" என்றார் ரெஹானா. சொர்ணலிங்கம் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீசில் சங்கு ஊதியபோது, பெண்கள் வாசலுக்கு வந்து, உள்ளே போகாமல், புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து, காப்பியை ஊற்றி ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள். கணக்கப்பிள்ளை வந்து, "சங்கு கேக்கலையா?" என்றார். "கேட்டுச்சு அண்ணாச்சி. ஒம்பதுக்கு வாறோம்" என்றாள் பாக்கியத்தாய். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதலாளியிடம் போனார். முதலாளியும் மணியில்லாத நாட்களில் காலையில் தூங்கி ருசி கண்டவர், பெண்கள் வேலையை ஒன்பதுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆவுடையம்மாளும் சொர்ணலிங்கமும் துணி எடுக்க டவுனுக்குக் கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் திறந்து வெகுநாளாயிற்று, தைக்க வேண்டிய சீருடை மலையாகக் கிடந்தது. பேசிக்கொண்டே நடந்ததில் நேரம் போனது தெரியவில்லை; தெருமுனை திரும்பும்போது ஒன்பதே கால் பஸ் நகரத் தொடங்கியிருந்தது.

"விடு, அடுத்த வண்டியில போவோம்" என்றார் சொர்ணலிங்கம்.

ஆவுடையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இடது கால் கொஞ்சம் இழுத்தது, இழுத்துக்கொண்டே ஓடினாள். இடதுபக்கமிருந்து வந்த சைக்கிளுக்கு நின்று வழிவிட்டு, சைக்கிள்காரனை ஒரு வார்த்தை திட்டிவிட்டு, திரும்பவும் ஓடினாள். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். ஏறி ஜன்னலோரம் விழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்க, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் புருஷனைப் பார்த்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"ரெண்டு டவுன்" என்றாள் கண்டக்டரிடம்.